"இங்க நல்ல காப்பியே கிடைக்கல"

போன டிசம்பரில் ஸ்டுட்கார்ட்டில் ஒரு நண்பர் வீட்டில் கூடியிருந்தோம். ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள். பிரியாணி முடிந்து, பிள்ளைகள் அடுத்த அறைக்குப் போனபிறகு பேச்சு வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தது. "எல்லாம் இருக்கு பாஸ். சம்பளம் இருக்கு, ரோடு இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு. ஒரு நல்ல காப்பிதான் இல்ல." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆறு வருடமாக ஆட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவர் அடுத்ததாக ஒன்று சொன்னார்: "இவனுங்களுக்கு காப்பின்னா என்னன்னே தெரியாது. நமக்கெல்லாம் அது ரத்தத்துல ஊறினது."

வீடு திரும்பும்போது அந்த வரி தொண்டையில் முள் மாதிரி நின்றது. என் ரத்தத்தில் ஊறியதா? நான் மதுரை திருநகர்க்காரன். அப்பா அரசு அலுவலகத்தில் கிளார்க். என் அப்பத்தா உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் களை எடுத்தவர். எங்கள் ரத்தத்தில் காப்பி எப்போது ஊறியது என்று எனக்குத் தேதி போட்டே சொல்லத் தெரியும்.

வெளிநாட்டுத் தமிழர்களின் காப்பிப் புலம்பலில் இரண்டு பொய்கள் இருக்கின்றன என்பது என் கட்சி. நல்ல காப்பி இங்கே கிடைக்கவில்லை என்பது ஒன்று. அது நம் மரபு என்பது மற்றொன்று. இரண்டையும் நான் சொல்லியிருக்கிறேன், அதனால் எங்கே வலிக்கும் என்று தெரிந்தே அடிக்கிறேன்.

*

முதல் பொய் சுலபம். எண்களை வைத்தே முடித்துவிடலாம்.

இந்தியாவில் விளையும் காப்பியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. அதை வாங்குகிற நாடுகளில் முன்வரிசையில் இருப்பவை இத்தாலியும் ஜெர்மனியும். இத்தாலிக்காரர்களின் எஸ்பிரெஸோவுக்கு நுரையும் கனமும் தருவதற்குக் கர்நாடகத்து ரோபஸ்டா தேவைப்படுகிறது. அதாவது, நீங்கள் "இவனுங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே கடந்துபோகிற சூப்பர்மார்க்கெட் அலமாரியில், குடகிலோ சிக்மகளூரிலோ விளைந்த கொட்டை ஏதாவது ஒரு பாக்கெட்டுக்குள் உட்கார்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இன்னும் பின்னால் போகலாம். 1942ல் வந்த காப்பிச் சட்டத்தின்படி தோட்டக்காரர்கள் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். 1990களில்தான் அது படிப்படியாகத் தளர்ந்தது. அந்தப் பல ஆண்டுகளில் அந்நியச் செலாவணி முக்கியம் என்பதால் நல்ல கொட்டை கப்பலேறியது. நம் தாத்தாக்கள் உருகி உருகிக் குடித்ததில் பெரும்பாலும் ஏற்றுமதி போக மிஞ்சியது. அந்த மிச்சத்தை நீட்டிக்கத்தான் சிக்கரி.

சிக்கரியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. இங்கே இந்தியக் கடையில் நண்பர்கள் தேடித் தேடி வாங்கும் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிக்கரி முப்பது சதவீதம், நாற்பது சதவீதம், சிலதில் அதற்கும் மேலே. கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் இந்தியச் சட்டம். மீதி 49 வரைக்கும் வேர் இருக்கலாம். சிக்கரி ஒரு செடியின் வேர். அதில் கஃபீன் கிடையாது. வறுத்த காப்பித் தூளில் வெந்நீரில் கரையக்கூடியது ஏறத்தாழ முப்பது சதவீதம்தான். சிக்கரியில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கரையும். "டிகாக்ஷன் தார் மாதிரி இறங்குது பாருங்க" என்று நாம் மெச்சுகிறோமே, அந்தத் தார் பெரும்பாலும் வேரின் கைங்கரியம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வேரைக் குடிக்கும் பழக்கம் இந்த ஊரிலிருந்துதான் போயிருக்கிறது. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக், காப்பிக்காகப் பணம் வெளிநாட்டுக்குப் போகிறதே என்று 1781ல் காப்பி வறுப்பதை அரசின் தனியுரிமை ஆக்கினார். ஓய்வுபெற்ற சிப்பாய்களைத் தெருத்தெருவாக அனுப்பி, யார் வீட்டில் வறுக்கிற வாசனை வருகிறது என்று மோப்பம் பிடிக்கவைத்தார். அந்தக் காலத்தில்தான் சிக்கரி வேரை வறுத்துக் காப்பிக்குப் பதிலாகக் காய்ச்சும் தொழில் இங்கே வளர்ந்தது. இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு தமிழன் ஜெர்மனிக்கு வந்து, நல்ல கொட்டை விற்கும் கடையைத் தாண்டிப்போய், ஒன்பது மாதத்துக்கு முன் அரைத்துக் கப்பலில் வந்த சிக்கரித் தூளை வாங்கி, "இதுதான்யா ஒரிஜினல்" என்கிறான்.

சிக்கரி பிடித்தால் குடியுங்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை அளவுகோலாக வைத்து அடுத்தவன் காப்பியை அளக்காதீர்கள்.

*

"சரி, கொட்டை கிடைக்குது. அரைக்கிறது?" இது நியாயமான கேள்வி. இங்கேதான் நானும் சறுக்கினேன்.

வந்த புதிதில் ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியில் அரைத்தேன். மிக்ஸி அரைக்காது, வெட்டும். பிளேடுக்குப் பக்கத்தில் இருப்பது மாவாகும், ஓரத்தில் இருப்பது ரவையாக நிற்கும். பித்தளை ஃபில்டரில் போட்டால் மாவு ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஆகியும் ஒரு சொட்டு இறங்காது. கோபத்தில் மேல் பாத்திரத்தைத் தட்டினால் தூள் கலங்கி மொத்தமும் கீழே வரும். மாவிலிருந்து கசப்பு, ரவையிலிருந்து புளிப்பு, இரண்டும் ஒரே டம்ளரில். "ஜெர்மன் கொட்டை சரியில்ல" என்று நானே தீர்ப்பு எழுதினேன். பிறகு ஒரு மலிவான எலெக்ட்ரிக் மிஷின் வாங்கினேன். அதுவும் உள்ளே பிளேடுதான்.

தேவை இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே கொட்டையை நொறுக்குகிற மிஷின். நம் ஊர் காப்பிக் கடையில் சிவப்பும் பச்சையுமாக நிற்குமே, மேலே கூம்பு வைத்தது, அதன் தத்துவம் அதுதான். இரண்டு சக்கரத்துக்கும் உள்ள இடைவெளிதான் தூளின் அளவு. அதைவிடப் பெரிய துண்டு வெளியே வர முடியாது. கையால் சுற்றுகிற மிஷினிலும் அதே ஏற்பாடு. மேஜை விளிம்பில் முறுக்கி மாட்டி, கொட்டையைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றுகிற இரும்பு மிஷின் ஒருகாலத்தில் நம் ஊர் வீடுகளிலும் இருந்தது. பழைய சாமான் கடையில் இன்றும் பார்க்கலாம். ஸாஸன்ஹவுஸ் என்ற ஜெர்மன் கம்பெனி 1867லிருந்து கை மிஷின் செய்துவருகிறது. இன்று அறுபது எழுபது யூரோவிலேயே உருப்படியான கை மிஷின்கள் கிடைக்கின்றன. நம்மில் ஒவ்வொருவரும் ஹெட்ஃபோனுக்கு அதைப்போல நான்கு மடங்கு கொடுத்திருக்கிறோம்.

எனக்கு வேலைசெய்கிற கணக்கு இது. அடர்த்தியாக வறுத்த, வறுத்த தேதி பாக்கெட்டில் அச்சிட்ட கொட்டை. கடைசித் தேதி மட்டும் போட்டிருந்தால் வாங்க வேண்டாம். வறுத்து ஒரு வாரத்திலிருந்து ஐந்தாறு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அரைத்தபின் வாசம் சில நாளிலேயே போய்விடும், அதனால் அன்றன்றைக்கு அரைக்க வேண்டும். ரவையைவிட நைஸாக, எஸ்பிரெஸோவுக்கானதைவிடக் கொஞ்சம் பரபரப்பாக. ஃபில்டரில் இருபது கிராம், கொதித்து அரை நிமிடம் ஆறிய தண்ணீர் நூறு மில்லி. பால், மாதக்கணக்கில் கெடாமல் அலமாரியில் நிற்கிற டப்பாப் பால் ஆகாது. குளிர்பெட்டியில் இருக்கிற முழுக்கொழுப்புப் பால்தான். அவ்வளவுதான் விஷயம். தினமும் காலையில் ஆறு நிமிடம் கூடுதலாகச் செலவாகும்.

இதை அந்தக் கூட்டத்தில் சொன்னேன். "அடப் போங்க பாஸ், காலையில எவன் உக்காந்து அரைச்சுக்கிட்டு இருப்பான்?" என்றார் ஒருவர்.

அந்தக் கேள்வியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

*

இப்போது ரத்தம்.

ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' 2000ல் வந்த புத்தகம். தலைப்பே வாதத்தைச் சொல்லிவிடுகிறது. காப்பி தமிழர் வீட்டுக்குள் பரவலாக நுழைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதின் தொடக்கத்திலும். கள்ளைத் திட்டுவதுபோல அன்றைக்குக் காப்பியைத் திட்டி எழுதியவர்கள் இருந்தார்கள். பிறகு அது நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமண நடுத்தர வர்க்கத்தின் அடையாளமானது. டீ உழைப்பாளிகளுக்கு என்று ஒதுங்கியது.

காப்பி கிளப் என்பது எல்லோரும் உட்காரும் இடமாகவும் இருக்கவில்லை. 'பிராமணாள்' என்று பலகை மாட்டிய ஹோட்டல்கள் சுதந்திரத்துக்குப் பிறகும் இருந்தன. 1957ல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஹோட்டலின் பலகையிலிருந்து அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் திராவிடர் கழகத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். என் அப்பா பிறந்தது அதற்கு ஒரு வருடம் முன்னால். ஆக, "நம்ம மரபு" என்று நாம் சொல்கிற இடத்தில் என் தாத்தா போய் உட்கார்ந்திருக்க முடியுமா என்பதே சந்தேகம்.

அப்பத்தா வீட்டில் 'காப்பி' என்ற சொல் இருந்தது. கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, கொஞ்சம் தூள் தூவி, பால் இல்லாமல் கொதிக்கவைத்த வரக்காப்பி. மழை நாளிலும் காய்ச்சல் நாளிலும்தான். மற்ற நாளெல்லாம் நீராகாரம், கம்மங்கூழ். அதுவும் தமிழ்க் காப்பிதான். ஆனால் நாற்கரச் சாலை நெடுக முளைத்த 'கும்பகோணம் டிகிரி காப்பி' கடைகளின் பித்தளை டபராவில் அதற்கு இடமில்லை. அப்பத்தா குடித்ததை இன்றைக்கு ஸ்டுட்கார்ட் கபேயில் கொடுத்தால், "பால் இல்லாமக் குடிக்கிறான் பாரு, என்ன டேஸ்ட்டோ" என்று நம் ஆட்களே சிரிப்பார்கள்.

ஆனால் மதுரைச் சமவெளிக்கும் காப்பிக்கும் இதைவிட ஆழமான உறவு ஒன்று உண்டு. அது குடித்த உறவு கிடையாது.

1830களிலிருந்து இலங்கை மலையகத்தில் ஆங்கிலேயர் காடுகளை அழித்துக் காப்பி போட்டார்கள். பழம் பறிக்க ஆள் வேண்டும். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து பஞ்சத்தில் அடிபட்டவர்களைக் கங்காணிகள் கூட்டிப்போனார்கள். ராமேஸ்வரம் வரை நடை, தோணியில் மன்னார்க் கரை, பிறகு அங்கிருந்து காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நாள்கணக்கில் மறுபடி நடை. வாந்திபேதியிலும் மலைக்காய்ச்சலிலும் வழியெல்லாம் பிணம் விழுந்தது. சீசன் முடிந்ததும் மிஞ்சியவர்கள் அதே வழியில் திரும்பினார்கள். அவர்கள் பறித்த பழத்தால் இலங்கை உலகின் முன்னணிக் காப்பி நாடுகளில் ஒன்றானது. 1869ல் இலைத்துரு நோய் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை வந்தது, ஆட்கள் அப்படியே தேயிலைக்கு மாற்றப்பட்டார்கள். 1948ல் அவர்கள் பிள்ளைகளின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964ல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை அங்கேயே என்று எண்ணிப் பங்கிட்டார்கள்.

வெளிநாட்டில் காப்பிக் கொட்டையைத் தேடிப்போன முதல் தமிழர்கள் நாம் இல்லை, பாஸ். அவர்கள் நூற்றைம்பது, இருநூறு வருடத்துக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். கொட்டை கையில் இருந்தது. குடித்தது யாரோ. 'வெளிநாட்டுத் தமிழனும் காப்பியும்' என்று எவராவது எழுத உட்கார்ந்தால் முதல் அத்தியாயம் அதுதான். நம் இந்தியக் கடைப் புலம்பல் அதில் அடிக்குறிப்பாகக்கூட வராது.

*

என் வீட்டுக்கு வருகிறேன்.

1988ல் அப்பா திருநகரில் வீடு வாங்கினார். பக்கத்தில் ஹார்விபட்டி, மில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. திருநகரில் வாத்தியார்கள், அரசு ஊழியர்கள், பேங்க்காரர்கள். வீட்டுக்குக் குடிவந்த வாரத்தில் அம்மா ஒரு பித்தளை ஃபில்டர் வாங்கினார். அதுவரை எங்கள் வீட்டில் டீதான். ரத்தத்தில் காப்பி ஊறிய தேதி என்றேனே, இதுதான். பக்கத்து வீட்டு மாமி வந்தால் டீ கொடுக்கக் கூச்சமாக இருந்தது என்று அம்மா பின்னாளில் சொன்னார்.

விருந்தாளிக்குக் காப்பி என்றானதும் டீ யாருக்கு என்ற கேள்விக்கும் தானாகவே விடை வந்துவிட்டது. கொத்தனார், எலெக்ட்ரீசியன், செப்டிக் டேங்க் சுத்தம் பண்ண வந்தவர். "கடைல டீ வாங்கியாந்து குடுறா" என்று என்னிடம் தூக்குவாளியைக் கொடுப்பார்கள். ஊற்றிக் கொடுக்க இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் காம்பவுண்டுச் சுவர் மாடத்தில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். அவை ஒருநாளும் சமையலறைக்குள் வந்ததில்லை. எனக்கு அப்போது பத்து வயது. ஏன் என்று கேட்கவில்லை. பிராமணாள் பலகைக்கு வெளியே நின்ற குடும்பம், ஒரே தலைமுறையில் தன் வீட்டுச் சுவரில் தானே பலகை மாட்டிக்கொண்டது. எழுத்து மட்டும்தான் இல்லை.

ஆகவே "காப்பி நம்ம கல்ச்சர்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பித்தளை டபரா ஞாபகம் வருவதில்லை. அந்த மாடம்தான் வருகிறது.

அன்றைய கூட்டத்துக்குப் பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஏம்மா, நீ போடுற காப்பி மாதிரி இங்க வரவே மாட்டேங்குது" என்று ஆரம்பித்தேன். சிரித்தார்.

"நான் போட்டதுல உங்கப்பாவுக்கும் உனக்கும்தானப்பா மொத டிகாக்ஷன். நான் குடிச்சதெல்லாம் ரெண்டாவதுதான். எனக்கு அது எப்படி இருக்கும்னு அவ்வளவாத் தெரியாது."

முப்பது வருடம். காலை நாலரை மணிக்கு எழுந்து, தண்ணீர் கொதிக்கவைத்து, தூளை அமுக்கி, ஊற்றி, காத்திருந்து, இறங்கிய முதல் டிகாக்ஷனை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி வந்த பழுப்புத் தண்ணீரில் பாலைக் கலந்து, நின்றுகொண்டே குடித்திருக்கிறார். எத்தனை வீடுகளில் இப்படி என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

"காலையில எவன் உக்காந்து அரைச்சுக்கிட்டு இருப்பான்?" என்ற கேள்வியைப் பத்திரமாக வைக்கச் சொன்னேனே, அதற்குப் பதில் இதுதான். அங்கே எவனும் உட்காரவில்லை, ஒருத்தி நின்றாள். நமக்கு இங்கே கிடைக்காமல் போனது கொட்டையோ மிஷினோ சிக்கரியோ இல்லை. எழுந்து வரும்போது கையில் டம்ளரை வைக்கிற ஆள்தான் கிடைக்கவில்லை. அதை அப்படியே சொல்ல வெட்கமாக இருப்பதால் ஜெர்மன்காரன் காப்பி மேல் பழியைப் போடுகிறோம்.

*

"அப்போ நீ அந்த ஸ்பெஷாலிட்டிக் கோஷ்டியா?" என்று கேட்பீர்கள். இல்லை. அவர்கள் மேலும் எனக்குப் புகார் உண்டு. கால் கிலோ பன்னிரண்டு யூரோ பாக்கெட்டில் மலையின் உயரம் இருக்கும், செடியின் ரகம் இருக்கும், தோட்ட முதலாளி சிரிக்கிற படம் இருக்கும், மல்லிகை வாசம், ஆரஞ்சுத் தோல் என்று வர்ணனை இருக்கும். பழம் பறித்த பெண்ணின் தினக்கூலி மட்டும் இருக்காது. ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் பறிக்க வேண்டும், அதையும் பழுத்ததாகப் பார்த்துப் பார்த்துக் கையால். சிக்கரிக்காரர் பாட்டியைக் காட்டி விற்கிறார், இவர் மலையைக் காட்டி விற்கிறார்.

"சுவை என்பதே நினைவுதானே, அதை ஏன் கெடுக்கிறாய்?" என்றும் ஒரு நண்பர் கேட்டார். நினைவு இருக்கட்டும். எனக்கும் மழை நாள் கருப்பட்டிக் காப்பியின் வாசம் மூக்கில் இருக்கிறது. ஆனால் நினைவை நினைவு என்று சொல்ல வேண்டும். அதைத் தரம் என்றும் மரபு என்றும் ரத்தம் என்றும் சொல்லும்போது, யார் நடந்தார்கள், யார் வெளியே நின்றார்கள், யார் இரண்டாவது டிகாக்ஷன் குடித்தார்கள் என்பதெல்லாம் துடைக்கப்பட்டுவிடுகிறது.

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாக மலையேறினால் தாண்டிக்குடி. மலைவாழைக்கும் மிளகுக்கும் நடுவே காப்பி விளைகிற ஊர். காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே அங்கே இருக்கிறது. திருநகரில் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்விடலாம். இருபத்தெட்டு வயது வரை ஊரில் இருந்த நான் ஒருநாளும் போனதில்லை. அப்படி ஒரு காப்பி இருப்பதே இங்கே வந்து, வறுக்கிறவர் ஒருவரின் கடையில் பழனி மலை என்ற பெயரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 2019ல் ஐந்து இந்தியக் காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குடகு, வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபுதன்கிரி. தமிழ்நாட்டின் பெயர் அதில் ஒன்றுகூட இல்லை. அதற்காக எந்தக் காப்பிப் பிரியனும் ஒரு வரி எழுதிப் புலம்பி நான் பார்க்கவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கை மிஷினைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். காலை நாலரைக்கு அம்மாவுக்கு முன்னால் எழுந்துவிட்டேன். மிஷின் சத்தத்தில் எழுந்து வந்தவர் சமையலறை வாசலில் நின்று, "என்னடா இது, கரகரன்னு" என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. முதல் டிகாக்ஷனில் கலந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார்.

"கொஞ்சம் கசக்குதுப்பா. நாளைக்கு ரெண்டாவதையும் சேத்துக்க."

பிறகு நின்றபடியே முழுவதையும் குடித்தார். மாடத்து டம்ளர்களைப் பற்றி அன்று மாலை பேசினோம். அது அவ்வளவு நன்றாக முடியவில்லை. மறுநாளும் நான்தான் அரைத்தேன்.